பெரியப்பா அனுப்பிய படம்

டப்ளினில் எங்கள் தெருக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூடித் தேநீர் குடித்தோம். பக்கத்து வீட்டு மோரா கைபேசியை நீட்டி, "மூலையில் நீங்களும் விழுந்திருக்கிறீர்கள்" என்றாள். படத்தைக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டேன். அவள் குழம்பிப்போனாள். தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போடலாமா என்று என்னிடம் கேட்கத்தான் வந்திருக்கிறாள். படத்தின் மூலையில் இருந்தது என் முக்கால் முகமும் ஒரு கோப்பையும். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். விழுப்புரத்தில் செய்தியாளராக இருந்த ஆண்டுகளில் இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. உடனே சரி என்று சொல்லவும் முடியவில்லை. அந்த வாரம் என் கைபேசிக்கு வேறொரு படம் வந்திருந்தது.

இப்போதெல்லாம் எங்கள் பக்கம் நிச்சயத் தட்டில் புடவையோடு கைபேசியும் வைக்கிறார்கள், கல்யாணம் வரை இருவரும் பேசிக்கொள்ள. திண்டிவனத்தில் என் சித்தப்பா மகள் கவிதாவுக்கும் அப்படி வந்தது. மாப்பிள்ளை கேட்டான் என்று, அவனுக்கு மட்டும் என்று, அவள் சில அந்தரங்கப் படங்களை அனுப்பியிருந்தாள். வேலை பற்றி அவன் சொன்னது பொய் என்று தெரிந்ததும் கல்யாணம் வேண்டாம் என்றாள். மறுநாள் அவற்றில் ஒன்றை விழுப்புரத்திலிருக்கும் எங்கள் பெரியப்பாவுக்கு அவன் அனுப்பினான். பதறிப்போன பெரியப்பா அதைக் குடும்பக் குழுவில் போட்டு, "இது நம்ம பொண்ணுதானா, பாத்துச் சொல்லுங்க" என்று எழுதினார். மாமாக்களும் அவர்களின் பிள்ளைகளும் பார்த்தார்கள்.

கவிதா அழைத்தாள். "அக்கா, நீயும் பாத்தியா?"

"வந்துது. தொறக்கல."

"எல்லாரும் அதான் சொல்றாங்க. நான் புகார் குடுக்கப் போறேன். நானே அனுப்பினதுதானேன்னு கேப்பாங்களா?"

அவனுக்கு அனுப்பச் சம்மதித்தது ஊருக்குப் பரப்பச் சம்மதித்தது ஆகாது, சட்டம் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது என்றேன். பிறகு பெரியப்பாவை அழைத்தேன்.

"அழிச்சிட்டா சாட்சிக்கு இன்னாம்மா பண்றது?"

"அவன் அனுப்பினது உங்க போன்ல இருக்குதுங்க. க்ரூப்ல இருக்கறத அழிங்க."

"பேஜாரு பண்ணாத. ஸ்டேஷனுக்குப் போனா ஊரே பேசும். அவனக் கூப்ட்டு நாலு பேர வெச்சிப் பேசிக்கினு இருக்கறோம்ல."

"ஊருக்குக் காட்டினது யாருங்க பெரியப்பா?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

திண்டிவனம் மகளிர் காவல் நிலையத்தில் நடந்ததைக் கவிதா சொன்னாள். படம் வெளியே வந்தது எப்படித் தெரியும் என்று அதிகாரி கேட்டிருக்கிறார். பெரியப்பா குழுவில் போட்டதைச் சொன்னாள். "அப்ப புகார்ல அவரு பேரும் வரும். எழுதறியாம்மா?" பக்கத்தில் நின்ற சித்தப்பா, "எங்க அண்ணன்மா, வேணாம்" என்று கையைப் பிடித்தாராம்.

"எழுதிட்டேன்க்கா. அப்பா கைய விடவே இல்ல. எழுத்து மட்டும் நல்லாத்தான் இருக்குது."

அன்று மாலை பெரியப்பா கவிதாவையும் என்னையும் குடும்பக் குழுவிலிருந்து நீக்கினார். அந்தப் படம் அங்கே இன்னும் கிடக்கிறதா என்பதை இனி நான் பார்க்க முடியாது. கதவு தட்டப்பட்டது. மோரா. போடலாம் என்றேன். சற்று நேரத்தில் தெருக் குழுவில் படம் வந்து கைபேசி ஒலித்தது. இன்னும் பெயர் பழகாத மனிதர்களோடு, மூலையில் கோப்பையோடு நான். குழுக்களின் பட்டியலில் அதற்குக் கீழே எங்கள் குடும்பக் குழு, அதில் நான் இப்போது இல்லை என்ற சாம்பல் நிற வரியுடன்.