அளந்து கொடுத்த கோயில்

எங்கள் பக்கத்தில் யாராவது கோயிலை நூல் பிடித்து அளந்தால், அது பெரிதாகப் போகிறது என்று அர்த்தம். முன்னால் மண்டபம் வரும், இல்லையென்றால் கோபுரம் உயரும். திருநெல்வேலிக்குத் தெற்கே, செம்மணல் மேடான தேரிக்காட்டோரத்துக் கிறிஸ்தவர்கள் நாங்கள். சர்ச் என்று சொல்ல மாட்டோம், கோயில் என்றுதான் சொல்வோம். ஆகவே ஜெர்மனியில் ஓர் ஆங்கிலேயப் பாதிரியார், தம் கோயிலை அளந்து வரைந்து தரமுடியுமா என்று கேட்டபோது எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அறுபதுகளின் கடைசி அது. கட்டடப் பொறியியல் படிக்கப் போயிருந்தேன். வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான்தான். படிப்பை வைத்து ஒருவர் உதவி கேட்டால் மறுக்கத் தெரியாது.

அது வெந்நீர் ஊற்றுகள் உள்ள ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூட்டுவலிக்குக் குளிக்க வந்த ஆங்கிலேயர்கள் கோடை முழுக்கத் தங்கினார்கள். தங்கள் முறைப்படி ஆராதிக்க ஓரிடம் வேண்டுமென்று பணம் திரட்டிக் கட்டிக்கொண்டார்கள். பிஷப்மாரின் ஆளுகையில் உள்ள சபை. எங்கள் ஊருக்கு வேதத்தைக் கொண்டுவந்ததும் அதே சபைதான். அதனால் ஞாயிறுதோறும் அங்கேதான் போனேன், என் பெயரையும் சபைப் பதிவில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஊரின் லுத்தரன் கோயில் வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கும். இதுவோ சிவப்பு மணற்கல்லில் தாழ்வாக, முழங்காலிட்டதுபோல இருந்தது. பனி வழுக்கி விழச் செங்குத்தான கூரை. கோபுரம் இல்லை, மேற்குச் சுவரின் உச்சியில் சின்ன வளைவும் அதில் ஒரே மணியும் மட்டும். உள்ளே நடுவில் தூண் கிடையாது. இரண்டு சுவர்களிலிருந்தும் ஓக் மரச் சட்டங்கள் எழுந்து உச்சியில் சேர்ந்தன. பீடத்துக்குப் பின்னால் கூர்வளைவில் மூன்று சன்னல்கள், நடுவில் உள்ளது சற்று உயரம்.

அந்த மூன்று சன்னல்களைப் பார்த்து அதிர்ந்துபோனேன். எங்கள் ஊரிலும் அப்படியே, அதே உயர வித்தியாசத்தோடு இருக்கின்றன. கூரைச் சட்டம் மட்டும் ஓக்குக்குப் பதில் பனங்கை, அவ்வளவுதான். எங்கள் பெரியவர்களே யோசித்துக் கட்டியது என்று அதுவரை நம்பியிருந்தேன்.

முதல் யுத்தத்தில் எதிரியின் கோயில் என்று பூட்டி, பிறகு கிடங்காக்கியிருக்கிறார்கள். இரண்டாம் யுத்தத்துக்குப் பின் அமெரிக்கச் சிப்பாய்களின் குடும்பங்கள் வந்து நிரம்பின. அவர்களும் முகாமுக்குள் தனிக் கோயில் வைத்துக்கொண்டு போனபின் சில விதவைகளே மிச்சம். ஜெர்மானியரைக் கட்டி அந்த ஊரிலேயே தங்கிவிட்ட ஓர் ஆங்கிலேய அம்மாள் பித்தளைச் சாமான்களைத் துலக்குவார். சனிக்கிழமைகளில் அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்தவர் அவர்தான்.

சட்டங்கள் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஈரம் இறங்கியிருந்தது. பேனாக்கத்தியை வைத்து அழுத்தினால் வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. அந்த இடங்களைச் சிவப்பு மையில் குறித்தேன். இனிப் பழுது பார்ப்பார்கள் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பின் என் வரைபடம் மேசைமேல் விரிந்து கிடந்தது. மூன்று சன்னல்களையும் பாதியில் வெட்டிக்கொண்டு யாரோ நீலப் பென்சிலால் கோடு இழுத்திருந்தார்கள். அது என்ன என்று கேட்டேன்.

"மேல்தளம்" என்றார் பாதிரியார். "கீழே கடை, மேலே கிடங்கு. கம்பளம் விற்கிறவர் கேட்டிருக்கிறார். அடுத்த வாரம் சபை ஓட்டுப் போடும்."

கோயிலை விற்க முடியும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

விடுதியில் பக்கத்து அறையில் ரசாயன ஆராய்ச்சி செய்த கும்பகோணத்து அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் சோற்றைக் கிளறிக்கொண்டே கேட்டார்: "ஏம்ப்பா, உங்க சாமி இங்க வாடகைக்கா இருந்தார்?"

"கேலி பண்ணாதீங்கண்ணே. எங்க ஊர்ல உலை வைக்கும்போதெல்லாம் பொம்பளைங்க ஒரு பிடி அரிசி எடுத்து வச்சு, அதுல கட்டுன கோயில். அத எவன் விப்பான்?"

"வித்தா எந்தப் பிடிய யாருக்குத் திருப்பித் தர்றது? ரொம்ப காம்ப்ளிகேட்டட் சேல் ஆயிடும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, தட்டில் சோறு போட்டுத் தந்தார்.

ஓட்டெடுப்பில் முதலில் உயர்ந்த கை அந்த அம்மாளுடையது. அவர் என்னைப் பார்த்துத்தான் பேசினார்: "அந்தச் சிவப்பு மை நீ வச்சதுதானேப்பா. நான் பொய்யின்னு சொல்லட்டுமா? கூர யார் தலையிலயாவது விழறத நான் பாக்க மாட்டேன்."

பழுது பார்க்கிற செலவுக்குச் சபையிடம் வழியில்லை. வேண்டாமென்று கை தூக்கியவன் நான் ஒருவன்தான்.

கடைசி ஆராதனையில் பிஷப்பின் பத்திரத்தை வாசித்தார்கள். பிரதிஷ்டை செய்ததை நீக்குவதற்கும் ஒரு ஜெபமுறை இருக்கிறது. இந்த நேரம் முதல் இது சாதாரணக் கட்டடம் என்று வாசித்தபோது அண்ணாந்து பார்த்தேன். மேலே எதுவும் மாறவில்லை.

நானும் அந்த அம்மாளும் பீடத்து விரிப்பை ஆளுக்கொரு முனையில் பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம். கம்பளக்காரர் தலையில் தொப்பியும் வாயில் சுருட்டுமாக உள்ளே வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். தொப்பியை எடுங்கள், இது கோயில் என்று ஜெர்மனில் சொன்னேன். அவர் குழம்பிப்போய்ப் பாதிரியாரைப் பார்த்தார்.

பாதிரியார் என் தோளைத் தொட்டார். "இனிமே அவர் போட்டுக்கலாம் தம்பி" என்றார்.

என் கையிலிருந்த முனை நழுவியது. அந்த அம்மாள் அதைக் குனிந்து எடுத்து மறுபடி என்னிடம் தந்தார். "இழுத்துப் பிடி" என்றார், "சுருக்கம் விழுது."