திருஷ்டிப் பூசணி உரம்

சுந்தரவல்லி மாமியைப் பற்றி எங்கள் படூர் பிளாட்டில் யாரைக் கேட்டாலும் முதலில் குரலைத் தாழ்த்துவார்கள். அதைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மாமி எங்கள் எதிர் வீடு. கணவர் தேசிகனுக்குத் திருவிடந்தை கோயிலில் கைங்கரியம், மகன் ஹரிசங்கருக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. இரண்டாயிரத்து நாலில் இரண்டு குடும்பமும் ஒரே வாரத்தில் குடிவந்தோம். நான் மேரி, கழனி வேலை செய்தவர்களின் மகள், காலேஜ் ஆபீசில் கிளார்க். முதல் நாளே என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தவர் மாமிதான். கொடுத்த கையோடு என்னிடமிருந்த பிளாஸ்டிக் பையைப் பிடுங்கி மடித்து வைத்துக்கொண்டு, ஒரு துணிப்பையைத் தந்தார். இந்தம்மாவுக்கு இதில் என்ன லாபம் என்று அன்றைக்கு எனக்கே சந்தேகம்தான்.

லாபம் ஒன்றுமில்லை. எதை வீணாக்கினாலும் மாமிக்குப் பொறுக்காது, அவ்வளவுதான். அரிசி களைந்த தண்ணீர் கறிவேப்பிலைக்குப் போகும், துணி அலசிய தண்ணீர் கக்கூசுக்கு. தோசை மாவு வாங்கப் போனால் கையில் தூக்கு இருக்கும். மொட்டை மாடியில் பழைய பெயின்ட் வாளிகளை ஓட்டை போட்டு வைத்து, காய்கறித் தோலையும் காய்ந்த இலையையும் மக்கவைத்துக் கீரை வளர்த்தார். மாசமாக இருந்த மருமகள் ரக்ஷாவுக்கு அந்தக் கீரைதான். "இன்னிக்கும் முளைக்கீரையாம்மா?" என்று சலித்துக்கொண்டே அந்தப் பெண் இரண்டாம் தடவையும் போட்டுக்கொள்ளும்.

வம்பு வந்தது பூசணிக்காயால். அமாவாசை வந்தால் எங்கள் கேட் வாசலிலும் ரோட்டோரக் கடைகளிலும் பூசணிக்காய்க்குள் குங்குமத்தைக் கொட்டி, சுற்றி, நடுரோட்டில் போட்டு உடைப்பார்கள். பட்ட கண்ணெல்லாம் அதில் இறங்கியிருக்கிறதாம். தொடுவது இருக்கட்டும், தாண்டக்கூட மாட்டார்கள். மாமியோ மறுநாள் விடிந்ததும் வாளியோடு போய் அந்தத் துண்டுகளைக் கீரை உரத்துக்குப் பொறுக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னா மாமி இது, யாரு வூட்டு திருஷ்டியோ!" என்றேன். நான் சர்ச்சுக்குப் போகிறவள். இருந்தாலும் வாளியைவிட்டு இரண்டடி தள்ளித்தான் நின்றேன்.

"இது மேல வண்டி சறுக்கி எவனாவது மண்டையை உடைச்சுக்கணுமா? குங்குமத்தை அலம்பிட்டா பூசணிக்காய் பூசணிக்காய்தான். யார்கிட்டயும் சொல்லிண்டிருக்காதே."

நான் சொல்லவில்லை, கர்த்தர் சாட்சி. ஆனால் வாட்ச்மேன் அப்பாசாமிக்குக் கண் இல்லையா, பால் போடுகிறவனுக்கு வாய் இல்லையா? மாமி மந்திரிக்கிறார் என்றார்கள், அந்த வாளிகளில் ஏதோ புதைத்திருக்கிறது என்றார்கள். மாடியில் துணி காயப்போட வந்தவர்கள் அந்த மூலைப்பக்கமே போவதில்லை. மாமியின் காதுக்கு மட்டும் இதெல்லாம் எட்டவில்லை.

சீமந்தம் முடிந்து ரக்ஷா காஞ்சிபுரத்தில் இருக்கிற பிறந்த வீட்டுக்குப் போனாள். பெண் குழந்தை பிறந்தது. பதினோராம் நாள் புண்யாகவாசனத்தன்று போய்ப் பார்த்ததோடு சரி, மாமி அதற்குப் பிறகு நாளைத் தள்ள முடியாமல் தவித்தார். அழைத்து வரவேண்டிய நேரத்தில் ஒருநாள் வெளுத்த முகத்தோடு என் கதவைத் தட்டினார்.

"சம்பந்தி பயப்படறாளாம். அந்த உரத்துல வளர்ந்த கீரையைத்தான் ரக்ஷா சாப்பிட்டாள்னு யாரோ போய்ச் சொல்லியிருக்கா. குழந்தையை இந்த ஆத்துக்கு அனுப்ப மாட்டேங்கறாளாம். ஹரி சொல்றான். ரக்ஷாகிட்ட இதைப் பத்தி வாயைத் திறக்காதே, பால் குடுக்கறவ மனசு கஷ்டப்படும்கறான்." என் முகத்தையே பார்த்து, "வெளியில உனக்கு மட்டும்தானே மேரி தெரியும்?" என்றார்.

எனக்கு வந்ததே கோபம்! "என் மேலயா சந்தேகம்? அவங்க வூட்டு அட்ரஸ்கூட எனக்குத் தெரியாது, மாமி!" என்று கதவைச் சாத்தினேன். சாத்திவிட்டு உள்ளே போய் அழுதேன்.

அன்றிலிருந்து எனக்கு எல்லார் மேலும் சந்தேகம். அப்பாசாமியைக் கேட்டிலேயே பிடித்தேன். "அண்ணாத்த, நீதான போட்டுக் குடுத்த?"

"நான் இன்னாத்துக்கும்மா சொல்றேன்? எனக்கு வேற வேலை இல்லையா?" என்றார். நான் நம்பவில்லை. மாமி என்னை நம்பவில்லை. படிக்கட்டில் எதிரே வந்தால் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்கினோம்.

ஒரு வாரத்தில் மாமி எல்லா வாளிகளையும், கீரையோடும் மண்ணோடும், குப்பை லாரியில் ஏற்றிவிட்டார். ஒரு துண்டுக் காகிதத்தைக்கூடத் தூக்கிப்போட மனம் வராதவர். லாரி போனபிறகும் கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். மேலே ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, கோபத்தையும் மீறி நெஞ்சு வலித்தது.

அதற்குப் பிறகுதான் குழந்தை வந்தது. ஆரத்தி எடுத்த சத்தம் கேட்டு நான் கதவருகே நின்றேன். ரக்ஷா என்னைப் பார்த்துவிட்டாள். "மேரி அக்கா, வாங்கோ!" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. குழந்தையை மார்போடு அணைத்து, அதன் உச்சியை முகர்ந்துகொண்டே இருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

"அம்மா, நாளைக்குக் கீரை மசியல் பண்ணுங்கோ. அங்கே வாங்கற கீரை வாய்லயே வெக்க முடியலை," என்றாள் ரக்ஷா.

"கீரைக்கு எங்கே போவேன்? வாளியெல்லாம் தூக்கிப் போட்டாச்சு. உங்கம்மா பயந்தாளே."

"எங்கம்மாவா?" ரக்ஷா சிரித்துவிட்டாள். "பூசணிக்காய் உரம்னு நானே அவகிட்ட பெருமையா சொன்னேன். எனக்கும் ஒரு வாளி போட்டுத் தரச் சொல்லுன்னு கேட்டாளே!"

பெட்டியை இழுத்து வந்த ஹரிசங்கர் வாசலிலேயே நின்றான். எல்லாரும் அவனைப் பார்த்தோம்.

"இல்லம்மா... பிளாட்ல நாலு பேர் நாலு விதமா பேசறா. கைக்குழந்தை. எதுக்கு வம்புன்னு நான்தான் அவா பேரைச் சொல்லி..."

மாமி திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மெல்ல நடந்து போய்க் குழந்தையை அவன் கையில் வைத்தார்.

"பத்திரமா நீயே வெச்சுக்கோடா. என் கை பட வேண்டாம்."

குழந்தை வீறிட்டு அழுதது. மாமி திரும்பிப் பார்க்காமல் எதிரே என் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.