வலது பெருவிரல்

உப்பளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே மறைவு என்று ஒன்று கிடையாது. தூத்துக்குடிக்கு வெளியே நாங்கள் வேலை பார்த்த அளத்தில் ஒரு உடைமரம்கூட இல்லை. கண்ணுக்கு எட்டின மட்டும் பாத்தி, நடுவே ஆள் நடக்கிற வரப்பு, தூரத்தில் உப்புக் குவியல். புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றின லாரிகள் ஓயாமல் ஓடின காலம். லாரிமேல் உட்கார்ந்திருப்பவனுக்குக்கூட அளத்தில் நிற்கிற பெண் என்ன நிறத்துச் சேலை கட்டியிருக்கிறாள் என்று தெரியும்.

ஆண்கள் எங்களுக்கு அது ஒரு பொருட்டில்லை. வரப்பில் திரும்பி நின்றுகொள்வோம். பெண்கள் விடியலில் வந்தால் பொழுது சாயும்வரை தண்ணீரே குடிக்க மாட்டார்கள். நாக்கு வறளாமல் இருக்க ஆத்தூர் வெற்றிலையை வாயில் அடக்கிக்கொள்வார்கள். அந்த வெற்றிலைக்கு ஒரு காரம் உண்டு. என் தகப்பனார் பனை ஏறப் போகும்போதும் அதைத்தான் இடுப்பில் செருகியிருப்பார். சொல்லவந்தது அதல்ல. என் வீட்டுக்காரிக்கு நீர்க்கடுப்பு வந்துவிட்டது. வேலை முடிந்து வந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அடக்கினால் உள்ளுக்குள்ளே கெட்டுப்போகும் என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார்.

"நாலு கம்பு நட்டு ஓலை கட்டித் தரச் சொல்லும். கங்காணிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றாள்.

"ஏளா, ஆம்பள போயி அத எப்படிச் சொல்லுவேன்? சிரிப்பானுவ."

"சிரிச்சா ஒமக்கு வலிக்குமா? எனக்கு வலிக்கு."

நான் சொல்லவில்லை.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. எழுதத் தெரியாதவர்களில் ஆணுக்கு இடது பெருவிரல், பெண்ணுக்கு வலது பெருவிரல். வாரக் கடைசியில் கங்காணி ஆஜர் புத்தகத்தை நீட்டும்போது பெண்கள் குவியலுக்கும் பாத்திக்கும் நடையாய் நடந்துகொண்டிருப்பார்கள். அவர்களைக் கூப்பிடுவானேன் என்று புருஷன்மாரே இரண்டையும் வைத்துவிடுவோம். இடது எனக்கு, வலது அவளுக்கு. அது தப்பு என்று எங்களில் ஒருத்தனுக்கும் தோன்றியதில்லை.

பெண்கள் எங்களிடம் சொல்லாமலே கோர்ட்டு வாசலில் ஒருவரைப் பிடித்து, மறைவிடம் கேட்டு லேபர் ஆபீசுக்கு மனு எழுதித் தபாலில் போட்டுவிட்டார்கள். ஒருநாள் கங்காணி காகிதத்தோடு வந்தான். "ஏலே, ஆபீசர் வாராரு. மறைவிடம் இருக்கு, குறை ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்கு. ரெண்டையும் வச்சிருங்க."

தெரிந்தேதான் வைத்தேன். ஏமாந்துபோனேன் என்று சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலையில் ஆபீசர் வந்தார். நல்ல மனிதர்தான், வெயிலுக்குக் கைக்குட்டையைத் தலையில் போட்டிருந்தார். என் வீட்டுக்காரிதான் முன்னால் போய் நின்றாள். அவர் அந்தக் காகிதத்தைக் காட்டினார்.

"நீங்களே ரேகை வச்சிருக்கீங்களேம்மா, குறை இல்லைன்னு."

"நா வைக்கலய்யா."

"பொய் சொல்லுதா சார்," என்றான் கங்காணி.

"அந்த மையக் கொண்டாரும்," என்றாள் அவள்.

பெருவிரலை மையில் அமுக்கி, அந்தக் காகிதத்திலேயே பக்கத்தில் வைத்தாள். கறுப்பாய் ஒரு திட்டு விழுந்தது. ஒரு கோடு இல்லை. ஆண்கள் நாங்கள் நீளக் கம்பு வைத்த பலகையால் உப்பை இழுத்துக் கூட்டுகிறவர்கள். ஈர உப்பை வெறுங்கையால் அள்ளி ஓலைப்பெட்டியில் நிரப்புகிறது பெண்கள். அவர்கள் விரலை உப்பு வழவழவென்று தின்றிருந்தது. அவள் பேருக்கு நேரே நான் வைத்த ரேகையோ சுழிசுழியாய், அழகாய் இருந்தது.

பின்னால் நின்றவள் ஒருத்தி, "எங்க ரேகைய உப்போட சேத்து மூடை கட்டி அனுப்பியாச்சு சார்," என்றாள். பெண்கள் சிரித்தார்கள். ஆண்களில் ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"அப்போ இது யார் விரல்?" என்றார் ஆபீசர்.

கங்காணி என்னைப் பார்த்தான். நான் வலது கையைப் பொத்திக்கொண்டேன். அவளும் பார்த்தாள், என் முகத்தை அல்ல, அந்தக் கையை. அவள் சொன்னால் என் வேலை போகும். நான் சொன்னாலும் போகும். ஆபீசர் பேனாவைத் திறந்தார்.

"யாருதுன்னு எனக்கென்னய்யா தெரியும்? என்னுது இல்ல. அத எழுதிக்கிடும்," என்றாள்.

எழுதிக்கொண்டு போனார். பத்து நாள் கழித்து நாலு கம்பும் ஓலையும் வந்தன. ஆடிக் காற்று இரண்டு தடவை பிய்த்தெறிந்தது, பெண்களே எடுத்துக் கட்டினார்கள். அவள் வரப்பில் நின்று ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். கடுப்பு குறைந்தது, ஆனால் முழுசாய்ப் போகவில்லை. முன்னமே கூட்டி வந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். வீட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விடுவாள்.

ஆபீசர் வந்துபோன அந்த வாரக் கடைசியிலேயே கங்காணி பழையபடி புத்தகத்தை நீட்டினான். "ரெண்டையும் வையிலே."

இடதை வைத்தேன். "அவள கூப்பிடும்," என்றேன்.

"இவ்வளவு தூரம் அவ வரணுமாக்கும்?"

"வரட்டும்."

தலைப்பெட்டியை இறக்கிவைத்துவிட்டு அவள் நடந்து வந்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, என் ரேகைக்குப் பக்கத்தில் அந்தக் கறுப்புத் திட்டை வைத்தாள். என்னைப் பார்க்காமலே திரும்பிப் போனாள்.