பிரிக்பீல்ட்ஸ் கல்லூரியும் பண்டமாரான் அக்காவும்

எங்கள் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் ஒரு தண்ணீர் பம்ப் இருந்தது. நாங்கள் சேர்ந்த நாளிலிருந்தே அது ஓடவில்லை. பிரிக்பீல்ட்ஸில் கீழே பூமாலைக் கடையும் மேலே எங்கள் வகுப்புகளுமாக இருந்த கட்டடம் அது. ஜன்னலைத் திறந்தால் மல்லிகை வாசமும் பஸ் புகையும் சேர்ந்தே உள்ளே வரும். படிப்புத் தவணையின் பாதியில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று தெரிந்த மதியம், நாங்கள் சோர்ந்து உட்கார்ந்திருந்தோம். வகுப்பிலேயே மூத்தவரான அக்கா மட்டும் எழுந்து போய் அந்தப் பம்பின் மூடியைத் தட்டிப் பார்த்தார். "ஓடாததுதானே, கழட்டிப் பாப்போம்லா" என்றார்.

கழற்றிக்கொண்டிருக்கும்போது துறைத் தலைவர் உள்ளே வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தோம். அவரோ கீழே இறங்கிப் போய், தன் காரிலிருந்த ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த வாரம் முழுக்க ஆய்வுக்கூடமே எங்கள் வகுப்பறையானது. கடைசியில் பம்ப் ஓடியது. கூடவே ஒழுகவும் செய்தது. துறைத் தலைவரின் சட்டை நனைந்ததைப் பார்த்து அக்கா சிரித்த சிரிப்பு கீழே பூக்கடை வரை கேட்டிருக்கும்.

அக்கா அதற்கு முன் கிள்ளானில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இயந்திரம் நின்றுவிட்டால் டெக்னீஷியன் வரும்வரை தள்ளி நில் என்பார்களாம். அப்படித் தள்ளி நின்று நின்று அலுத்துப்போய்த்தான் பொறியியல் டிப்ளோமாவில் சேர்ந்ததாகச் சொல்வார். கணவர் துறைமுகத்துக்கு லோரி ஓட்டினார். பள்ளி விடுமுறை நாட்களில் அக்கா தன் மகளையும் கொமூட்டர் ரயிலில் கூட்டிவருவார். அந்தப் பிள்ளை கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படத்துக்கு வண்ணம் தீட்டும். யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பெரிய பல்கலைக்கழகத்தில் வாசல் காவலரே திருப்பி அனுப்பியிருப்பார்.

டிப்ளோமா முடித்தால் ஒரு பல்கலைக்கழகத்தின் பட்டப்படிப்பில் நேராக இரண்டாம் ஆண்டுக்குப் போகலாம் என்று சொல்லித்தான் எங்களைச் சேர்த்தார்கள். கடைசித் தவணையில்தான் செய்தி வந்தது: அந்தப் பல்கலைக்கழகம் எங்கள் பாடங்களில் பாதியை மட்டுமே ஏற்றுக்கொள்ளுமாம். வகுப்பு கொதித்தது. பத்திரிகைக்குப் போகலாம் என்றார்கள் சிலர். அக்கா எல்லாரையும் அமைதிப்படுத்திவிட்டு, எங்களையும் அழைத்துக்கொண்டு துறைத் தலைவர் அறைக்குப் போனார்.

அவர் மறைக்கவில்லை. "நானும் நம்பித்தான் சொன்னேன்மா. எழுத்துல எதுவும் இல்ல" என்றார்.

"அப்போ எழுத்துல இல்லன்னு எங்ககிட்ட சொல்லிருக்கணும் சார்."

அடுத்த சில வாரங்கள் எங்கள் பாடத்திட்டங்களைச் சுமந்துகொண்டு அவரே ஒவ்வொரு பல்கலைக்கழகமாக ஏறி இறங்கினார். ஓரிடத்தில், கூடுதலாக ஒரு தவணை படித்தால் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். நான் போனேன். அக்காவால் முடியவில்லை. அந்தச் சமயத்தில் அவர் கணவருக்கு முதுகில் அடிபட்டு, லோரி ஓட்ட முடியாமல் போயிருந்தது. அக்கா டிப்ளோமாவோடு ஒரு சமையல் எண்ணெய் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்தார்.

பல்கலைக்கழகத்தில் முதல் தவணை எனக்குப் பெரும்பாடாக இருந்தது. பாதியில் போன விரிவுரையாளர் நடத்தாமல் விட்ட கணிதம் முழுவதும் அங்கே வந்து என் முன்னால் நின்றது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் மற்ற மாணவர்கள் இயந்திரத்தைத் தொடவே தயங்கியபோது என் கை தானாக ஸ்பேனரைத் தேடியது. இந்த இரண்டையும் ஒரே கல்லூரிதான் எனக்குக் கொடுத்தது. எது அதிகம் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

அதனால்தான், செராஸிலிருக்கும் என் தங்கை மகள் அண்மையில், "பெரியம்மா, நீங்க படிச்ச அந்தக் காலேஜ்ல சேரலாமா, வேணாமா?" என்று கேட்டபிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் பண்டமாரானுக்கு, அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

அக்கா இப்போது அந்த ஆலையின் பராமரிப்புக்கே பொறுப்பாளர். நாங்கள் வந்த விஷயத்தைக் கேட்டுவிட்டு, சேருவதற்கு முன் ஆய்வுக்கூடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்றும், எந்தப் பாடத்தை யார் ஏற்பார்கள் என்பதை எழுத்தில் வாங்க வேண்டும் என்றும் சொன்னார். தானும் கூட வருவதாகச் சொன்னார். தங்கை மகள் கொஞ்சம் தயங்கி, "உங்களுக்கு அந்தக் காலேஜ்காரங்க மேல கோவம் இல்லையா ஆன்டி?" என்று கேட்டாள்.

"இருக்குலா. ஏன் இல்லாம?" என்றார் அக்கா. "ஆனா ஒவ்வொரு தீபாவளிக்கும் சாருக்கு முறுக்கு கொண்டுபோய்க் குடுத்துட்டுத்தான் வரேன். அதுவும் இருக்கு."

சாப்பாட்டு மேசையில் கணிதப் புத்தகம் ஒன்று திறந்து கிடந்தது. மகளுடையதா என்று கேட்டேன். மகள் படிப்பை முடித்து வேலையில் சேர்ந்துவிட்டாள், இது தன்னுடையது என்றார், கொஞ்சம் வெட்கத்தோடு. ஷா ஆலாமில் வார இறுதிப் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறாராம். பழைய பாடங்களில் எவ்வளவு எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்டேன்.

"பாதிதான்" என்று சொல்லிச் சிரித்தார். "மீதிய படிச்சிட்டுப் போறேன்."

பிறகு என் தங்கை மகளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, முந்தின நாளிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டிருந்த ஒரு கணக்கைக் காட்டினார். பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்த அவளுக்கு அது சுலபமாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து அக்காவுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள்.