சுபேதார் கோமதியின் மீசை

நெயில் பாலிஷ் ரிமூவரின் நெடி உங்களுக்கு எப்படியோ, எனக்கு அது பசியைக் கிளப்பும். டெல்லி ஜனக்புரியில் எங்கள் வீட்டு பால்கனியில், காயப்போட்ட துணிகளுக்கு அடியில் ஒரு சின்ன மேசை போட்டு வைத்திருக்கிறேன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் என்னோடு இருந்தவர்கள் யோகா, யாத்திரை என்று கிளம்ப, நான் பழைய சாமான் வாங்குகிற கபாடிக்காரரிடமும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் பழைய பிளாஸ்டிக் பொம்மைகளைப் பொறுக்க ஆரம்பித்தேன். கையும் காலும் மடங்குகிற, உள்ளங்கையில் அடங்குகிற ஆக்‌ஷன் ஃபிகர்கள். கால் போன சிப்பாய், தலை போன ரோபோ, யாரோ ஒரு பிள்ளை கடித்துத் துப்பிய கடற்கொள்ளைக்காரன் எல்லாம் வரும். பஞ்சில் ரிமூவரை நனைத்து முகத்தைத் துடைத்தால் பழைய ஆள் போய்விடுவான். அப்புறம் குழாய் ஒழுகலை அடைக்கிற பசையைப் பிசைந்து மூக்கு வைப்பேன், கொண்டை வைப்பேன், பல்குத்தும் குச்சியால் புடவைக்குக் கொசுவம் கீறுவேன். காய்ந்ததும் பெயின்ட்.

போன புரட்டாசியில் அப்படி ஒரு கொள்ளைக்காரனைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் கைபேசி முனகியது. எங்கள் பழைய குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பிள்ளைகள் என்றால், எல்லோருக்கும் சர்க்கரையும் முட்டிவலியும் வந்துவிட்ட பிள்ளைகள். அதில் பிரபு எழுதியிருந்தான். மறுபடி டெல்லிக்கே வந்துவிட்டானாம், துவாரகாவில் வீடாம், அம்மாவும் கூட இருக்கிறாராம். நவராத்திரி வருகிறதே, எங்களையெல்லாம் கொலுவுக்குக் கூப்பிட மாட்டாயா என்று கேட்டிருந்தான்.

கட்டாயம் வாருங்கள், அம்மாவை அவசியம் கூட்டி வா என்று பதில் போட்டேன். பக்கத்திலிருந்த என் மகள், என் முகத்தில் இருந்த சிரிப்பு அவ்வளவு நன்றாக இல்லை என்றாள். அவள் சொன்னது சரிதான். பிரபுவின் அம்மாவுக்காக நான் மூன்றாம் வகுப்பிலிருந்து காத்திருக்கிறேன்.

அப்போது நாங்கள் கோல் மார்க்கெட் பக்கம் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருந்தோம். இரண்டு அறை, ஒரு அடுப்படி, பின்னால் ஒரு முற்றம். முற்றத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் பஞ்சாபிக் குடும்பம், இந்தப் பக்கம் தஞ்சாவூர்க்காரர்கள், நாங்கள் திருநெல்வேலி. அப்பா ஓர் அமைச்சகத்தில் அசிஸ்டென்ட். அவருக்கு மேலே இருந்த ஆபீசர் கோயம்புத்தூர்க்காரர். அவர் மனைவி, பிரபுவின் அம்மாதான் கிருஷ்ணவேணி ஆன்ட்டி. ரோட்டைத் தாண்டி, வாசலில் புல்வெளி வைத்த பெரிய குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். ஊரில் கொலுவே வைத்தறியாதவர்கள்கூட டெல்லிக்கு வந்ததும் வைத்துவிடுவார்கள். இல்லாவிட்டால் ஆபீசர் வீட்டுக்குள் அசிஸ்டென்ட் வீட்டம்மாவும், அசிஸ்டென்ட் வீட்டுக்குள் ஆபீசர் வீட்டம்மாவும் வேறு எப்போது நுழைவது?

கொலுப்படிகள் அம்மாவின் ராஜ்ஜியம். கீழே தரையில் போடுகிற பார்க் என்னுடையது. எங்கேயாவது கட்டட வேலை நடந்தால் அங்கிருந்து மணல் அள்ளிவருவேன். கடுகைத் தூவி முளைக்கவிட்டால் அது புல்வெளி, உடைந்த கண்ணாடி குளம். ஆன்ட்டி வீட்டுப் புல்வெளியை விட என்னுடையது பச்சை என்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. அந்தப் பார்க்குக்குக் காவல், சுபேதார் கோமதி.

கோமதி முதலில் ஆண்தான். மார்க்கெட் வட்டத்தில் இருந்த பொம்மைக் கடையில், என் தொணதொணப்பு தாங்காமல் அப்பா வாங்கிக்கொடுத்த பச்சைச் சட்டைச் சிப்பாய். முழங்கையும் முழங்காலும் மடங்கும், மூடிய கையில் துப்பாக்கி சொருக ஓர் ஓட்டை இருக்கும். கடைக்காரர் பெண் பிள்ளைக்கு வேறு பொம்மை எடுத்துக் காட்டினார். அப்பா தன் இந்தியில் “நை பையா, இஸ்கோ யஹி சாஹியே”, இவளுக்கு இதுதான் வேண்டும் என்று முடித்துவிட்டார். அப்பா வாழ்க்கையில் யாரையாவது எதிர்த்துப் பேசி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வீட்டுக்கு வந்ததும் நான் வேலையை ஆரம்பித்தேன். இன்று ஜனக்புரி பால்கனியில் செய்வதெல்லாம் அன்று செய்ததன் தொடர்ச்சி, சாமான்கள்தான் கொஞ்சம் உசத்தி. அம்மாவின் கண்மையை ஈர்க்குச்சியில் தொட்டுப் புருவம் எழுதினேன். பஞ்சாபி வீட்டு அக்காவிடம் கெஞ்சி வாங்கிய சிவப்பு நெயில் பாலிஷில் பொட்டும் தோள்பட்டையில் பட்டையும் வைத்தேன். கறுப்பு நூலை மூன்று புரியாகப் பின்னி, ஆபீஸ் கோந்தால் தொப்பிக்குக் கீழே ஒட்டினேன். பின்னல் இடுப்பு வரைக்கும் தொங்கியது. சங்கரன்கோவிலில் இருந்த என் பெரியம்மாவின் பெயர் கோமதி. தெரு நாய்கூட அவரைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடும். பட்டாளத்தில் எனக்குத் தெரிந்த பெரிய பதவி சுபேதார். இரண்டையும் சேர்த்துவிட்டேன்.

அந்த நவராத்திரிக்கு ஆன்ட்டி பிரபுவைக் கூட்டிக்கொண்டு வந்தார். கையில் சிவப்பு ஹேண்ட்பேக், மூக்கில் எட்டுக்கல் பேசரி. யாரிடமும் அதிர்ந்து பேச மாட்டார், பெரியவர்களிடம் ‘ங்க’ போடாமல் ஒரு வாக்கியம் முடிக்க மாட்டார். நான் கூடாதென்று கத்துவதற்குள் பிரபு குனிந்து கோமதியை எடுத்துவிட்டான். எடுத்ததோடு இல்லை, நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

“பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க சிப்பாயி?” என்றார் ஆன்ட்டி அம்மாவிடம், சிரித்தபடியே. “பையன் ஆசப்படறானுங்க. குடுத்துருங்களே.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மாவின் கை என் சட்டைக் கைக்கு அடியில், முழங்கைக்கு மேலே என்னை நறுக்கென்று கிள்ளியது. வெளியாட்கள் முன்னால் வாயை மூடு என்பதற்கு எங்கள் வீட்டுச் சமிக்ஞை அது. “எடுத்துக்கிடுங்க அக்கா, அதுக்கென்ன” என்று அம்மா சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, “கொலுவுக்கு வந்த பிள்ள ஆசையாக் கேட்டா இல்லன்னு சொல்லப்படாதுட்டி. சாமிகுத்தம் ஆயிரும்” என்றாள். வெற்றிலை பாக்கு, சுண்டல் பொட்டலத்தோடு கோமதியும் ரோட்டைத் தாண்டிப் போனாள்.

சாமியே கேட்டால் என்ன செய்ய முடியும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அடுத்த வருஷம் ஆன்ட்டி வீட்டுக் கொலுவுக்குப் போனபோது அவர்கள் பார்க்கில் கோமதி நின்றாள். பின்னலை ஒட்ட வெட்டியிருந்தார்கள். பொட்டைச் சுரண்டிவிட்டு, உதட்டுக்கு மேலே பேனா மசியால் கனத்த மீசை போட்டிருந்தார்கள். நான் அதையே பார்த்துக்கொண்டு நிற்பதை ஆன்ட்டி கவனித்தார். “பாத்தியா கண்ணு? எங்க பிரபு அதச் சரி பண்ணிட்டான்” என்றார்.

சரி பண்ணிட்டான். இந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் பள்ளிக்கூடம் முடித்தேன், கல்லூரி முடித்தேன், கல்யாணம் பண்ணிக்கொண்டேன். கோமதியைத் திருடிவிடலாம் என்று அன்றே கை நீட்டினேன். அம்மா முந்திக்கொண்டு கிள்ளினாள். அதற்கப்புறம் ஆபீசருக்கு மாற்றலாகி அவர்கள் மதராஸுக்குப் போய்விட்டார்கள். பழிவாங்க ஆள் இல்லாமல் போவது எவ்வளவு பெரிய இழப்பு என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

நான் வண்ணம் பூசுகிற பொம்மைகளைப் படம் எடுத்து இணையத்தில் போடுவதுண்டு. குருகிராமில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஒரு தம்பி, என்னைப் போலவே பொம்மைப் பித்து, ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டார். உங்கள் சூனியக்காரிகள், அரக்கிகள், வேற்றுக்கிரகத்து ராணிகள் எல்லோரும் ஏன் மூக்கில் பேசரியும் கையில் சிவப்பு ஹேண்ட்பேக்குமாக இருக்கிறார்கள் என்று. அது என்னுடைய பாணி என்று சொல்லிவிட்டேன்.

சாமிகுத்தத்துக்கு வருகிறேன். அம்மா சொன்ன அந்த விதியை நான் வெகுகாலம் நம்பினேன். என் வீட்டுக் கொலுவில் பிள்ளைகள் கேட்டதையெல்லாம் தூக்கிக் கொடுத்தேன். களிமண் யானை போயிற்று, தலையாட்டுகிற தஞ்சாவூர் பொம்மை போயிற்று. அம்மா காலமாகிச் சில வருஷம் கழித்து, சங்கரன்கோவிலில் ஒரு கல்யாணத்தில் பெரியம்மாவிடம் இதைச் சொல்லிக் குறைப்பட்டேன். அவருக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. “அப்பிடி ஒரு சாத்திரமும் கெடையாதுட்டி. உங்கம்ம உன்ன ஏய்ச்சிருக்கா” என்றார்.

ரயிலில் டெல்லி திரும்பும் வழியெல்லாம் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். கோமதி போன அந்த வருஷம் அப்பாவைக் கௌஹாத்திக்கு மாற்றப்போவதாக ஒரு பேச்சு வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. மாற்றல் கடைசிவரை வரவில்லை. பால்காரரிடம்கூடப் பொய் சொல்லத் தெரியாத அம்மா, ஆன்ட்டி எதிரில் நின்ற அந்த நேரத்தில் ஒரு சாஸ்திரத்தையே இட்டுக்கட்டியிருக்கிறாள். மகளிடம் பயத்தைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று சாமியின் பேரில் பழியைப் போட்டிருக்கிறாள். என் பொம்மையை எடுத்ததை விடுங்கள். என் அம்மாவை அப்படிப் பொய் சொல்ல வைத்தவளை நான் சும்மா விடுவதாக இல்லை.

ஆகவே பிரபுவின் செய்தி வந்த அன்றே கொள்ளைக்காரனை முழுசாகத் துடைத்தெடுத்தேன். அவன் உடம்பு ஆன்ட்டிக்குப் பொருத்தமாக இருந்தது. பசையில் கொண்டை வைத்தேன், காஞ்சிபுரம் பட்டுக்கு அரக்கு நிறமும் மாம்பழ பார்டரும் கொடுத்தேன். எட்டுக்கல் பேசரிக்கு ஊசிமுனையில் வெள்ளிப் பெயின்ட் தொட்டு வைப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது. சிவப்பு ஹேண்ட்பேக்கைச் சொல்லவே வேண்டாம், கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வேன். கடைசியாக உதட்டுக்கு மேலே கனத்த மீசை போட்டேன். அது மட்டும் ஒரே இழுப்பில் வந்தது.

பார்க்கில் இந்தத் தடவை ஒரு பட்டாளமே நின்றது. பச்சைச் சட்டை, சிவப்புப் பொட்டு, இடுப்பு வரை பின்னல் போட்ட சுபேதார்கள். நடுவில், தீக்குச்சிகளால் கட்டிய வேலிக்குள் ஆன்ட்டி. எங்கள் பேட்டையில் அந்த வாரம் முழுக்க ராவணனுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த ஊர்க்காரர்கள் எதிரியைப் பொம்மை செய்து கொளுத்திவிட்டு வீட்டுக்குப் போய் ஜிலேபி சாப்பிடுகிறார்கள். நம்மவர்கள் விஜயதசமியன்று பொம்மையைப் பக்குவமாகப் படுக்க வைக்கிறார்கள். இந்த விஷயத்தில் எனக்கு டெல்லிதான் சரிப்பட்டு வரும்.

மகள் வேலியையும் மீசையையும் பார்த்தாள். விவரம் முழுவதும் அவளுக்குத் தெரியும். “அம்மா, பஸ் கரோ, போதும். அவங்களுக்கு எயிட்டி ப்ளஸ்” என்றாள்.

“கோமதிக்கு மட்டும் வயசாகலியா?” என்றேன்.

வந்தார்கள். பிரபுவுக்குத் தலையில் ஒன்றும் மிச்சமில்லை, வந்ததுமே பார்க்கிங் தகராறு என்று கைபேசியோடு வாசலுக்குப் போய்விட்டான். ஆன்ட்டி கைத்தடி ஊன்றி மெதுவாக நடந்துவந்து நாற்காலியில் உட்கார்ந்தார். உடம்பு பாதியாக வற்றியிருந்தது, பேசரி மட்டும் அப்படியே மின்னியது. படிகளையெல்லாம் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் கடைசியில் கீழே குனிந்தார்.

“நம்மளாட்டமே இருக்குதே” என்றார். குரலில் சந்தோஷம்தான். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “மீசை எதுக்குங் கண்ணு?” என்றார்.

“சரி பண்ணியிருக்கேன் ஆன்ட்டி.”

அவர் ஒரு முறை பட்டாளத்தைப் பார்த்தார், பின்னல்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. புரிந்துவிட்டது. நான் அந்த நிமிஷத்தை மிகவும் ரசித்தேன். மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் கட்டுரைக்கு அழகாக இருக்கும், ஆனால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவர் கையை நீட்டினார். “இத எனக்குக் குடுத்துரு கண்ணு” என்றார், அதே பழைய மெதுவான குரலில்.

“இல்லங்க ஆன்ட்டி. தர மாட்டேன்.”

நீட்டிய கை ஹேண்ட்பேக்குக்குத் திரும்பியது. இந்தப் பேக் கறுப்பு. அதன் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டே, “உங்கம்மா அன்னைக்கே இப்படி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நாங்க எடுத்திருக்கவே மாட்டமே” என்றார். பொய் சொல்கிற மாதிரி இல்லை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். புல்வெளி வைத்த குவார்ட்டர்ஸில் இருந்தவர்களுக்கு எல்லாமே அவ்வளவு சுலபம். சுண்டல் பொட்டலத்தையும் வெற்றிலை பாக்கையும் அவர் மடியில் வைத்தேன். கோமதி எங்கே என்று பிரபுவிடம் கேட்டதற்கு, எந்த கோமதி என்று கேட்டான்.

அந்தப் பெரிய குவார்ட்டர்ஸ், எங்கள் சின்ன குவார்ட்டர்ஸ் எல்லாவற்றையும் இடித்துவிட்டார்கள். போன குளிரில் ஒருநாள் போய்ப் பார்த்தேன், தகர வேலிக்குப் பின்னால் கிரேன்தான் நின்றது. எங்கள் வீடு எது, ஆன்ட்டி வீடு எது, நடுவில் கோமதி தாண்டிப்போன ரோடு எது என்று எனக்கே அடையாளம் சொல்ல முடியவில்லை.

ஒன்று மட்டும் சொல்லாமல் விட்டேன். ஆன்ட்டியிடம் தர மாட்டேன் என்று சொன்னேனே, சொன்ன கையோடு என் உடம்பு தானாக ஒரு பக்கம் ஒதுங்கியது. முழங்கைக்கு மேலே அந்த இடத்தை இன்னொரு கையால் மூடிக்கொண்டேன். அடுப்படியில் குக்கர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. கையை மூடியபடியே கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் கிள்ளவில்லை.