அத்தையின் தகர டப்பா

இதை எழுத நினைத்துப் பதினோரு வருடமாகிறது. மகளின் பழைய நோட்டில் இரண்டு வரி எழுதுவேன், கிழித்து அடுப்பில் போட்டுவிடுவேன். அப்பா இருக்கும்வரை, அவர் தாங்கமாட்டார் என்று ஒரு சாக்கு. அவர் போன பிறகு, அம்மா இருக்கிறாளே என்று ஒரு சாக்கு. போன தை மாதம் அத்தையும் போய்விட்டாள். இனி எனக்குச் சாக்கு இல்லை. நான் பத்தாவது வரைதான் படித்தவள். எழுத்தில் குற்றம் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மாரியாத்தாளைக் கும்பிட்டு, அவளைச் சாட்சியாக வைத்து, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ஆட்டையாம்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம். அப்பாவுக்கு நான்கு ஏக்கர் மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காடும் ஒரு கிணறும். அப்பாவின் ஒரே தங்கச்சிதான் அத்தை. எங்கள் பங்காளி வகையறாவிலேயே முதன்முதலாக வெளியூருக்குப் போய்ப் படித்த பெண். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊரில் பாதிப்பேர் மரியாதையாகவும் பாதிப்பேர் கிண்டலாகவும் அவளை டாக்டரம்மா என்பார்கள். அப்பாவுக்கு இரண்டுமே பெருமைதான். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும், சேலம் வருவதற்குள் அப்பாவின் தங்கச்சி என்ன உத்தியோகம் பார்க்கிறாள் என்பது அவருக்குத் தெரிந்துவிடும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தம்பிக்கு ஐந்து. ஞாயிற்றுக்கிழமை அத்தை வருவாள் என்றால் சனிக்கிழமையே எனக்குச் சாப்பாடு இறங்காது. அத்தை கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பாள், நாடி பிடிக்கும்போது பார்ப்பதற்கு வாகாக. தேர்க்கடையில் வாங்கிய என் பொம்மைக் கடிகாரத்தையும் நான் அப்படித்தான் கட்டுவேன். அதில் முள் ஓடாது. அதனால் என்ன? தம்பியை உட்காரவைத்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு நூறு வரை எண்ணுவேன். பிறகு அத்தையைப் போலவே முகத்தை வைத்துக்கொண்டு, பரவாயில்லை, நாளைக்கு வாங்க என்பேன். தம்பி பொறுமையான நோயாளி. பொட்டுக்கடலை கொடுத்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் வருவான்.

எங்கள் வீட்டு அலமாரியில் அத்தை ஒரு தகர டப்பா வைத்திருந்தாள். பஞ்சு, காயத்துக்குப் போடும் மருந்து, தெர்மாமீட்டர், அப்பாவின் முழங்கால் வலிக்கு மாத்திரை. தன்னைக் கேட்காமல் யாரும் அதைத் திறக்கக்கூடாது என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லியிருந்தாள். அந்தச் சட்டம் எனக்கும் சேர்த்துத்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான்தான் பாதி நர்ஸ் ஆயிற்றே.

அந்த வருடம் மாரியம்மன் பண்டிகைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தாள். அப்பாவின் மாத்திரை தீர்ந்திருந்ததால் புது அட்டை ஒன்று வாங்கிவந்து டப்பாவில் வைத்துவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்குப் போய்விட்டாள். செவ்வாய்க்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் மரக்கம்பம் நட்டார்கள். எங்கள் பக்கம் கம்பம் நட்டுக் கையில் காப்புக் கயிறு கட்டிவிட்டால், காப்புக் கட்டிய வீட்டார் பண்டிகை முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. அப்பா எங்கள் வீட்டுக்காகக் கட்டியிருந்தார். விடிந்ததும் பெண்களும் பிள்ளைகளும் குடத்தில் மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையுமாகப் போய்க் கம்பத்துக்கு ஊற்றிவிட்டு வருவோம்.

புதன்கிழமை தம்பிக்குக் காய்ச்சல். வியாழக்கிழமை உடம்பில் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி. அம்மா பார்த்த உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பூச்சாட்டிப் பண்டிகை தொடங்கின நேரத்தில் ஆத்தாளே வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று ஊரே சொன்னது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். தம்பியை வேப்பிலைமேல் படுக்க வைத்தார்கள். அம்மை போட்ட வீட்டில் தாளிக்கக்கூடாது, தலை சீவக்கூடாது, மருந்து என்ற பேச்சே எடுக்கக்கூடாது. அப்பா இளநீர் வெட்டி வெட்டிக் கொடுத்தார். தம்பிக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. தலை வலிக்கிறது, கால் வலிக்கிறது என்று அழுதான். அம்மா அவன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே ஆத்தாளிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

நான் என் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு அவன் கையைப் பிடித்து எண்ணினேன். நூறுக்குமேல் எண்ணத் தோன்றியது. அத்தை இருந்தால் என்ன செய்வாள் என்று யோசித்தேன். வலி என்றால் அத்தை மாத்திரை கொடுப்பாள். அப்பாவுக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா வாசல் தெளிக்கப் போன நேரம் டப்பாவைத் திறந்தேன். புது அட்டை. கட்டைவிரலால் அழுத்தியும் வெள்ளிக் காகிதம் உடையவில்லை. பல்லால் கடித்துத்தான் கிழித்தேன். ஒரு மாத்திரையை இளநீரில் கரைத்துக் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை காலையில் ஒன்று. சாயங்காலம் ஒன்று. தம்பி கசக்குதுக்கா என்றான். யாரிடமும் சொல்லக்கூடாது என்று பொட்டுக்கடலைக்குப் பதிலாக என் கடிகாரத்தையே தருவதாகச் சொல்லி வைத்தேன்.

சனிக்கிழமை காலையில் காய்ச்சல் இறங்கிவிட்டது. ஆத்தா குளிர்ந்துவிட்டாள் என்று அம்மா அழுதபடியே கம்பத்துக்குக் கூடுதலாக மூன்று குடம் ஊற்றினாள். நானும் ஊற்றினேன். ஆனால் மனதுக்குள், குளிர வைத்தது யார் என்று எனக்கல்லவா தெரியும் என்று இருந்தது. அந்த அகம்பாவத்தை ஆத்தாள் மன்னிக்கட்டும். அத்தை வந்ததும் இரகசியமாகச் சொல்லவேண்டும், அவள் என்னைத் தட்டிக்கொடுப்பாள் என்று ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

ஞாயிறு காலையில் தம்பியின் கைகால் சில்லென்று இருந்தது. மூக்கில் இரத்தம் கசிந்தது. கருப்பாக வாந்தி எடுத்தான். அம்மை இறங்குகிறபோது அப்படித்தான் இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். அப்போதுதான் அத்தை வந்தாள். அம்மை வீட்டுக்குள் வெளியாள் வரக்கூடாது என்று அம்மா வாசலிலேயே தடுத்தாள். அத்தை கோபப்படவில்லை. கால் கழுவி, வாசல் வேப்பிலையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அம்மாவை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். தம்பியின் கையிலிருந்த ஒரு புள்ளியை விரலால் அழுத்திப் பார்த்தாள். அத்தையின் முகம் மாறியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

"அண்ணா, இது அம்மை இல்லீங்ணா. உடனே சேலம் கொண்டுபோவோணும்."

"காப்புக் கட்டிருக்குது புள்ள. இந்நேரத்துக்கு எல்லை தாண்டுனா ஊடே அழிஞ்சு போயிரும்."

"நான் காப்புக் கட்டலீங். நான் கொண்டுபோறேன்."

அம்மாவின் தம்பி, என் மாமன், பண்டிகைக்கு வந்திருந்தார். நாமக்கல்லில் முட்டை வண்டி ஓட்டுகிறவர். அத்தை அவரைப் பார்த்தாள். அவர் அப்பாவைப் பார்த்துவிட்டு வண்டியை எடுக்கப் போனார்.

போகுமுன் அத்தை எல்லோரையும் கேட்டாள், ஏதாவது மாத்திரை மருந்து கொடுத்தீர்களா என்று. ஆத்தா மேல சத்தியமா இல்லை என்றாள் அம்மா. நான் பேசவில்லை. அம்மா ஆத்தாமேல் சத்தியம் பண்ணிய பிறகு நான் எப்படிப் பேசுவது? அத்தை அலமாரியைப் பார்த்தாள். டப்பாவை எடுத்துத் திறந்தாள். அட்டையைக் கையில் எடுத்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள், மணிக்கட்டில் உள்பக்கமாகக் கட்டியிருந்த என் பொம்மைக் கடிகாரத்தைப் பார்த்தாள். அட்டையைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் குனிந்தாள்.

"அதக் கழட்டி வச்சுரு சாமி. இனி உனக்கு இதுல ஒரு வேலையும் இல்ல. யாரு கேட்டாலும் ஒண்ணும் தெரியாது. கேட்டுச்சா?"

தட்டிக்கொடுப்பாள் என்று காத்திருந்தவளுக்கு இதுதான் கிடைத்தது. என்னை நர்ஸ் வேலையிலிருந்து நிறுத்திவிட்டாள் என்று எனக்கு அழுகை வந்தது. தம்பிக்காக அழுகிறேன் என்று நினைத்துப் பக்கத்து வீட்டக்கா என்னை அணைத்துக்கொண்டாள்.

அடுக்கியிருந்த முட்டை அட்டைகளை வீதியில் இறக்கிவிட்டு வண்டி கிளம்பியது. அம்மா பின்னாலேயே ஓடினாள். எல்லைக்கல் வந்ததும், யாரோ பிடித்து இழுத்ததுபோல் நின்றுவிட்டாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு டெலிபோன் இருந்த கடைக்காரர் ஓடிவந்தார். அப்பா கேட்டுவிட்டு, கையிலிருந்த காப்புக் கயிற்றை இழுத்து அறுத்து எறிந்தார். அவ்வளவுதான். ஆறு நாளாகக் கட்டிப்போட்டிருந்த கயிறு ஒரே இழுப்பில் அறுந்துவிட்டது.

பண்டிகை முடியாமல் உடலை ஊருக்குள் கொண்டுவரக்கூடாது என்றதால் மாமன் ஊரில் வைத்தே அடக்கம் செய்தார்கள். மாமன் அங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார், இந்தக் காய்ச்சலுக்கு வலி மாத்திரை கொடுக்கவே கூடாதாம், இரத்தம் உள்ளுக்குள்ளேயே ஒழுகிவிடுமாம், இவனுக்கு யாரோ கொடுத்திருக்கிறார்களாம், டாக்டர் சொன்னார் என்று. இரண்டு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றும் டாக்டர் சொன்னாராம். அந்த இரண்டாவது பேச்சு யார் காதிலும் ஏறவில்லை. முதல் பேச்சைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அப்பா அத்தைக்கு எதிரில் போய் நின்றார்.

"மாத்திரை குடுத்தது ஆரு?"

"நாந்தானுங்ணா. முந்துன ஞாயித்துக்கெழம வந்தப்பவே மேலு லேசாச் சுட்டுச்சு. குடுத்தேன்."

"சொல்லாமயா?"

"சொன்னா வேண்டாம்பீங்கன்னு சொல்லலீங்."

அப்பா அவளை அடிக்கவில்லை. "உன்னையப் படிக்க வச்சதுக்கு என்ற பையனக் குடுத்துட்டேன்" என்றார். "இனி என்ற ஊட்டு வாசல மிதிக்காத. நாஞ் செத்தாலும் வராத." அம்மா ஒரு பிடி மண்ணை வாரி அத்தைமேல் தூற்றினாள். அத்தை தலையிலிருந்த மண்ணைத் தட்டிவிடக்கூட இல்லை. அப்படியே நடந்து பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

நான் என்ன நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அப்படியானால் அத்தையும் கொடுத்திருக்கிறாள் என்று நினைத்தேன். பெரியவள் கொடுத்ததுதான் கெடுதல் செய்திருக்கும், நான் கொடுத்தது அதற்குமேல் மூன்றே மூன்றுதானே என்று நினைத்தேன். நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியதுபோல் இருந்தது. அன்று மத்தியானம் மாமன் வீட்டில் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

பத்தாவதில் நான் அறிவியலில் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே முதல் மார்க். நர்ஸ் படிப்புக்கு அனுப்புங்கள் என்று டீச்சர் வீடு தேடி வந்து சொன்னார். ஒரு நர்ஸ் போதுமுங்க எங்க குடும்பத்துக்கு என்றார் அப்பா. நானும் எதிர்த்துப் பேசவில்லை. அத்தையைப் போல் ஆகவேண்டும் என்று நினைத்த பிள்ளை, அத்தையைப் போல் ஆகிவிடக்கூடாது என்று வளர்ந்தேன். ஜேடர்பாளையம் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனுசன், குறையில்லை. வருடந்தோறும் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆத்தாமேல் நான் பழி போடமாட்டேன். அவள் பேரைச் சொல்லி எங்களை நாங்களே அடைத்துக்கொண்டோம். அவள் யாரையும் போகாதே என்று சொல்லவில்லை.

என் மகளுக்கு ஆறு வயதில் காய்ச்சல். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை வாங்கிவந்து புது அட்டையைப் பிரிக்கிறேன். வெள்ளிக் காகிதம் உடையவில்லை. பல்லில் வைத்துக் கடித்தேன். அந்த ருசி நாக்கில் பட்டதும் கை நின்றுவிட்டது. அன்றைக்கும் அட்டை புதுசு. பத்தும் இருந்தது. முதலில் கிழித்தது நான். அத்தை அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்று கொடுத்திருந்தால், அதில் ஒரு ஓட்டை இருந்திருக்க வேண்டுமே. பழைய அட்டையும் தீர்ந்துபோய்த்தானே புதுசு வாங்கி வந்தாள்? இத்தனை வருடமும் என் விரலுக்கும் பல்லுக்கும் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

அடுத்த வாரமே சேலத்துக்குப் பஸ் ஏறினேன். ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்பக்கம் ஒரு பழக்கடை ஓரமாக நின்றேன். அத்தை வேலை முடிந்து வெளியே வந்தாள். தலை நரைத்திருந்தது. கடிகாரம் அதே உள்பக்கமாக. தன்னோடு வேலை பார்த்தவரையே கட்டிக்கொண்டு அங்கேயே இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். ரோட்டைத் தாண்டினால் பத்தடி. அம்மா எல்லைக்கல்லில் நின்றதுபோல் நானும் நின்றுவிட்டேன். ஜவுளி எடுக்கப் போனேன் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். வெறுங்கையோடு வீட்டுக்குப் போகமுடியாதே என்று சேலத்திலேயே ஒரு சேலையும் எடுத்துக்கொண்டுதான் போயிருந்தேன்.

தை மாதம் அத்தை இறந்த செய்தி போனில் வந்தது. கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச்சேலை போகவேண்டும். எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. அவளுக்கு எதுக்குக் கோடி என்றாள் அம்மா. நானும் போகவில்லை. பிறந்த வீட்டுக் கோடி இல்லாமலே அத்தையைக் கொண்டுபோனார்கள்.

நேற்று வெள்ளிக்கிழமை. அப்பா போனதிலிருந்து என்னோடு இருக்கும் அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டாள். அன்றைக்கு எடுத்துட்டு வந்த சேலை இருக்குதா என்று மட்டும் கேட்டாள். பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டாள். இன்று காலையிலும் அது அவள் மடியிலேயேதான் இருந்தது.

இதைப் படிக்கிறவர்களில் எங்கள் பக்கத்து ஆட்கள் இருப்பீர்கள். அண்ணன் மகனுக்கு மாத்திரை கொடுத்துக் கொன்றவள் என்று அத்தையைப் பற்றி இன்றும் பேசுகிறவர்களும் இருப்பீர்கள். நான்கு பேரிடம் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது, சின்னப் பிள்ளை, தெரியாமல் செய்துவிட்டாள் என்று என்மேல் இரக்கப்பட்டு ஒன்றும் சேர்த்துவிடாதீர்கள். அப்படித்தான் இந்தக் கதை முதல்முறை மாறிப்போனது. அட்டை புதுசு. கிழித்தது நான். கொடுத்தது மூன்று. அத்தை ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.