அங்கிட்சா எனக்காகச் சொன்னவை

சென்ற சனிக்கிழமை அட்லிஸ்வில் முருகன் கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நின்றபோது கைபேசிக்குச் செய்தி வந்தது. அங்கிட்சா போய்விட்டார். மாரடைப்பாம். கையில் தட்டு இருந்தது. அழுதுகொண்டே வாங்கிச் சாப்பிட்டேன். சோற்றை வீணாக்கியிருந்தால் அவரே ஏசியிருப்பார்.

வின்டர்தூர் முதியோர் இல்லத்துச் சலவைக்கூடத்தில் அவரோடு வேலை செய்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. குரோவேசியாக்காரி, என்னைவிட இரண்டு வயது மூத்தவர். எங்கள் இருவருடைய ஜெர்மனையும் சேர்த்தாலும் ஒரு முழு ஜெர்மன் தேறாது. அதை வைத்துத்தான் பதினாறு வருடம் சண்டை பிடித்தோம்.

என் மகள் துளசி ஒரு குரோவேசியப் பையனை விரும்பினாள். பையனில் எனக்குக் குறை தெரியவில்லை. அவனுடைய தாய் யெலெனாவை நினைத்துத்தான் பயம். "உன் அம்மாவுக்குச் சொந்தக்காரர் ஒருவருமே இல்லையா?" என்று அவர் துளசியிடம் கேட்டிருந்தார். கணவரைப் பறிகொடுத்து, கைக்குழந்தையோடு இந்தச் சுவிஸ் நாட்டுக்கு வந்தவள் நான். அந்தக் கேள்வி நெஞ்சில் சுட்டது. யெலெனா வீட்டுக்கு வர நாள் குறித்ததும், என் ஆட்களை அவர்கள் மொழியிலேயே அறிமுகம் செய்துவைக்கிறேன் பார் என்று அங்கிட்சாவிடம் போய் நின்றேன்.

துணி மடிக்கும் மேசையில் பாடம் நடந்தது. அங்கிட்சா ஆண்களின் சட்டையைத் தூக்கினால் நான் 'மோய்' என்று சொல்ல வேண்டும். பெண்களின் சட்டை என்றால் 'மோயா'. இரண்டுக்கும் 'என்' என்றுதான் பொருள். 'யா சம் ரதி' என்றால் நான் ரதி. 'ஓவோ யே மோய் ப்ராட்' என்றால் இவர் என் சகோதரர். ஒருநாள் யாரோ ஒரு தாத்தாவின் பனியனைப் பார்த்து, இவள் என் சகோதரி என்று சொல்லிவிட்டேன். "நல்ல பெருத்த சகோதரிதான்" என்றார். "சின்னதாகச் சொல், ஆளின் கண்ணைப் பார்த்துச் சொல்" என்பது அவர் ஓயாமல் சொன்ன புத்தி.

அந்த நாளும் வந்தது. இங்கே வந்த நாள் முதல் எனக்குத் துணை நின்ற ஐந்து ஆண்களை வரவேற்பறையில் வரிசையாக நிறுத்தியிருந்தேன். "பிள்ளை, நாங்கள் என்ன கதைக்கிறது?" என்று குணம் அண்ணை கேட்டார். "ஒண்டும் கதைக்க வேண்டாம் அண்ணை, சிரிச்சால் போதும்" என்றேன். ஐந்து பேரையும் ஒவ்வொருவராகக் காட்டி, என் சகோதரர், என் சகோதரர் என்று பிசகாமல் சொல்லி முடித்தேன். வேறு எப்படிச் சொல்வது? குணம் அண்ணையை நண்பர் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

யெலெனா குணம் அண்ணையின் திருநீற்றைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஸ்டீபனின் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார். என்னிடம் ஏதோ கேட்டார். ஒரு சொல்லும் விளங்காமல் 'டா, டா', ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் முகம் கறுத்துவிட்டது. கலியாணம் கைநழுவிப் போகிறது என்று நினைத்தேன்.

நான் துணைக்கு அழைத்து மூலையில் இருந்த அங்கிட்சா கையிலிருந்த வடையை வைத்துவிட்டு எழுந்து வந்தார். ஒவ்வொருவராகக் காட்டி நெடுநேரம் பேசினார். யெலெனா போய் ஐவரின் கையையும் பிடித்தார். பிறகு என்னைக் கட்டிக்கொண்டார். இருவரும் அழுதோம்.

பாத்திரம் கழுவும்போது அங்கிட்சாவிடம் விபரம் கேட்டேன். "ஐந்து பேரும் ஒரு தாயின் பிள்ளைகளா என்று கேட்டாள். நீ ஆமாம் என்றாய். இல்லை, இவளுக்குக் கேள்வி விளங்கவில்லை என்று உண்மையைச் சொன்னேன். இவர் துளசிக்குச் சைக்கிள் பழக்கியவர், இவர் ரதி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பிள்ளைக்குச் சமைத்துப் போட்டவர், இவர் விசாவுக்காக வக்கீலிடம் அலைந்தவர் என்று சொன்னேன்." மடிப்பு மேசையில் நான் புலம்பியதில் ஒன்றையும் அவர் மறந்திருக்கவில்லை.

அடுத்த மாதம், துளசிக்குப் பிறந்திருக்கும் என் பேத்தியின் முப்பத்தோராம் நாள் விழா. யெலெனாவின் உறவினர்கள் ஊரிலிருந்து வருகிறார்கள். என் பக்கத்தில் நிற்க இனி அங்கிட்சா இல்லை. இவர் என் சகோதரர் என்பதோடு நிறுத்தாமல், எப்படிச் சகோதரர் ஆனார் என்பதையும் இம்முறை நானே சொல்லப்போகிறேன். அந்தத் துணிவுதான் அவர் எனக்கு விட்டுப்போனது. அதற்கு வேண்டிய நீளமான வாக்கியங்களைச் சம்பந்தியிடம் படித்துக்கொண்டிருக்கிறேன். முதலில் கேட்டுப் பாடமாக்கிய வாக்கியம், 'அங்கிட்சா எனக்காகப் பேசினார்.'